இல்லம் பேணுவோம்: பூனையைச் சாக்கில் கட்டுவதற்கு முன்



மே மாதம் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஹட்டன், வட்டவளை, நோர்வூட் பக்கத்து வீடுகளில் ஒரு முறைப்பாடு எழும். இத்தனை நாளும் வெளியே போய் ஒழுங்காக மண்ணைத் தோண்டி மூடிவிட்டு வந்த பூனை, இப்போது பாயில் சிறுநீர் கழிக்கிறது, மெத்தையில் கழிக்கிறது, மடித்து வைத்த முசல்லாவையும் நனைத்துவிடுகிறது. வாப்பா கோபத்தில், அதை உரச்சாக்கில் போட்டு அடுத்த டிவிசனில் விட்டுவிடச் சொல்கிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்பவள் உம்மாதான். தொழுகை நேரம் போகிறது. கழுவிய துணியைக் காயப்போட வெயிலும் இல்லை.

பூனைக்குப் பழிவாங்கும் எண்ணம் கிடையாது. அது இடம் மாறிச் சிறுநீர் கழித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். உடம்பில் நோவு, கழிக்கும் இடத்தில் குறை, அல்லது மனத்தில் பயம். எது என்று கண்டுபிடிக்காமல் அடித்தாலும் விரட்டினாலும் பயன் இல்லை. கண்டுபிடித்துவிட்டால் அநேகமான வீடுகளில் இது தீரக்கூடிய தொல்லைதான்.

பூனை வேறு, அதன் சிறுநீர் வேறு

முதலில் மார்க்க விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "பூனை நஜீஸ் இல்லைதானே, அதன் சிறுநீர் பட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். "சிறுநீர் நஜீஸ், ஆகவே பூனையையே வீட்டில் வைக்கக்கூடாது" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல.

நபித்தோழர் அபூ கதாதா (ரழி) அவர்கள் வுளூச் செய்ய அவர்களுடைய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்கு வசதியாக அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் உள்ளது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துக் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ கிரந்தங்களில் இந்த ஹதீஸ் இருக்கிறது. ஆகவே பூனை வாய் வைத்த தண்ணீருக்காகவோ மடியில் வந்து படுத்ததற்காகவோ மனம் சஞ்சலப்படத் தேவையில்லை.

ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ்தான். நமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அதன் ஈரத்தையும் தடத்தையும் நீக்கி, அந்த இடத்தில் தண்ணீர் ஓடச் செய்ய வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகும் போக மறுக்கும் வாடை மட்டுமோ நிறம் மட்டுமோ எஞ்சினால் அது மன்னிக்கப்படும். வெயிலில் காய்ந்துவிட்டது, ஆகவே சுத்தமாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது.

கழுவும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். நனைந்த முசல்லாவை அப்படியே பேசன் தண்ணீருக்குள் அமுக்கினால் அந்தக் கொஞ்சத் தண்ணீரும் நஜீஸாகிவிடும். மற்ற உடுப்புகளோடு ஊறப்போட்டால் அவையும் கெட்டுப்போகும். முதலில் பழந்துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு துணியைப் பீலியின் கீழோ குழாயின் கீழோ பிடித்து, மேலிருந்து தண்ணீர் ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைக்கலாம். துவைக்க முடியாத மெத்தையானால், ஒற்றியெடுத்த பின் சிறுநீர் பரவிய அளவையும் தாண்டித் தண்ணீரை ஊற்றி, மறுபடியும் ஒற்றி, காற்றோட்டமாக நிறுத்தி வையுங்கள்.

நோவா என்று பாருங்கள்

இனிப் பூனையைப் பார்ப்போம். அடிக்கடி மணலுக்குப் போய்க் குந்துகிறதா? முக்குகிறதா? சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா? கத்துகிறதா? ஓயாமல் பின்பக்கத்தை நக்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சிறுநீர்ப் பையில் அழற்சி இருக்கலாம். மணல் தட்டில் இருக்கும்போது நோவெடுத்தால், அந்தத் தட்டுதான் நோவு தருகிறது என்று பூனை எண்ணிக்கொள்ளும். அதனால்தான் மெத்தென்ற இடம் தேடிப் பாய்க்கும் முசல்லாவுக்கும் போகிறது.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதன் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. சிறு கல்லோ சளி போன்ற கட்டியோ அடைத்துக்கொண்டால் ஒரு துளியும் வராது. சாப்பிடாமல், வாந்தி எடுத்து, மூலையில் சுருண்டுவிடும். முழு அடைப்பானால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். "மலச்சிக்கலாக இருக்கும், நாளைக்குப் பார்ப்போம்" என்று ஒத்திப்போடக் கூடாது. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

அருகில் உள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகளையே பார்ப்பார்கள் என்றாலும், அங்கே போய் வழி கேட்கலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகவும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகவும் கம்பளைக்கு இறங்கிப் போகலாம். மூடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய கம்பளித் துண்டு விரித்துக் கொண்டு போனால் பூனை மிரளாது.

நோவுக்கு என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

வயதான பூனை நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். மூட்டு நோவு உள்ள கிழப் பூனைக்கு உயரமான தட்டில் ஏறுவதே சிரமமாகவும் இருக்கலாம்.

இந்தக் குளிர் நாட்டில் பூனை தண்ணீர் குடிப்பதும் குறைவு. சோற்றோடு வெறும் கருவாட்டையே போடாமல், உப்பிடாமல் மீன் அவித்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்து கொடுங்கள். இது சிறுநீர்ப் பைக்கு நல்லது.

மழைக்காலத்து இடம்

உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் இடத்தைப் பாருங்கள். பூனை தேடுவது காய்ந்த, தோண்டக்கூடிய, அமைதியான இடம். வெயில் காலத்தில் தேயிலைச் செடியின் அடியில் அது கிடைக்கிறது. மழை பிடித்தால் மண் சேறாகிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. அந்த நேரத்தில் வெளியே போக நாமே தயங்குவோம். பூனை மட்டும் போக வேண்டுமா? விறகடுப்பு உள்ள வீட்டில் அது சாம்பலைத் தோண்டுவதும் இதனால்தான். அங்கே காய்ந்து, இளஞ்சூடாக இருக்கிறது.

ஆகவே மழைக்காலத்துக்கு வீட்டுக்குள் ஒரு மணல் தட்டு வையுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பூனை நின்று திரும்பக்கூடிய அளவுள்ள பழைய பேசனோ, ஒரு பக்கம் தாழ வெட்டிய பிளாஸ்டிக் பெட்டியோ போதும். வெயில் நாட்களிலேயே நல்ல மணலைக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் போதும். மரத்தூளும் ஆகும். ஆனால் டர்பன்டைன் மரத்தின் தூளைப் போல வாடை தூக்கலானது வேண்டாம். பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

தட்டைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் வைக்காதீர்கள். நாமே கழிவிடத்தில் சாப்பிட மாட்டோம். பிள்ளைகள் ஓடும் இஸ்தோப்பும் வேண்டாம். குசினியின் ஒதுக்கமான மூலை நல்லது. அடுப்பின் வாயை இரவில் தகரத்தால் மூடிவிடுங்கள். கழிவைத் தினமும் அள்ளி, வாரம் ஒருமுறை தட்டையே கழுவிப் புது மணல் போட வேண்டும். இரண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு வேண்டும் என்பது மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. இடமில்லாத வீட்டில் இரண்டாவது வைத்துத் தினமும் இருமுறை அள்ளலாம்.

கர்ப்பிணிச் சகோதரிகள் இந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். மலத்தோடு வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பின்னர்தான் அது தொற்றும் நிலையை அடைகிறது. அதனால் தினமும் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டு அள்ளி, சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

வாடை எஞ்சிய இடத்துக்குப் பூனை திரும்பத் திரும்ப வரும். ஆகவே மார்க்கச் சுத்தம் முடிந்த பிறகும் வாடையை விடக்கூடாது. குளிர்ந்த நீரில் சவர்க்காரத் தூள் கரைத்துத் தேய்த்து அலசுங்கள். சீமெந்துத் தரையானால் தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைக்கலாம். அமோனியா கலந்த திரவங்கள் வேண்டாம். அந்த நெடி பூனைக்குச் சிறுநீர் வாடையாகவே படும். முசல்லாவை மடித்துத் தரையில் வைப்பதை விட்டு, ஆணியிலோ அலுமாரியிலோ வைத்துவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே குறையும்.

பயமும் அடையாளமும்

பூனை குந்தாமல் நின்றபடி, வாலை உயர்த்தி நடுக்கிக்கொண்டு சுவரிலோ கதவிலோ பீச்சினால் கதை வேறு. அது தன் எல்லையை அடையாளமிடுகிறது. பருவமடைந்த கடுவன்களில் இது அதிகம். அடுத்த வீட்டுக் கடுவன் ஜன்னலோரம் வந்து போனாலும் இப்படிச் செய்யும். குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திர சிகிச்சை செய்தால் பெரும்பாலானவை இதை விட்டுவிடும். மார்க்கத்தில் இது பற்றி இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே உங்கள் ஊர் ஆலிமிடம் தேவையை விளக்கிக் கேட்டுத் தீர்மானியுங்கள்.

வீடு மாறுதல், விருந்தாளிகள், புதுக் குழந்தை, புதிய நாய் எல்லாமே பூனையைக் கலங்கடிக்கும். அதன் மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் அடிப்பதும் பயத்தைக் கூட்டி, இன்னும் மறைவான இடத்துக்கு அதை விரட்டும். சில நாள் ஒரே அறையில் தட்டும் தண்ணீரும் படுக்கையும் வைத்து அமைதியாக விட்டால் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும்.

சாக்கு வேண்டாம்

இவ்வளவும் செய்தும் முடியவில்லையென்றால், விரும்பி வளர்க்கக்கூடிய ஒருவரைத் தேடிக் கொடுங்கள். சாக்கில் கட்டி மலையில் விடுவதும் சந்தையில் அவிழ்த்துவிடுவதும் தீர்வல்ல. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனைக்கு மழையும் தெரு நாயும் சிறுத்தை நடமாடும் தோட்டத்து இரவும் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். நோவினால் பாயை நனைத்த பூனையாக இருந்தால், அது அந்த நோவோடேயே கிடந்து சாகும்.

ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காக நரகம் புகுந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. முசல்லாவைச் சுத்தமாக வைத்திருப்பது நமது கடமை. அதைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் போதும். நம்மை நம்பிய வாயில்லா ஜீவனைத் துன்பத்தில் விட்ட குற்றத்தை எந்தத் தண்ணீரால் கழுவுவது?

நாளைக் காலையில் பூனை எப்படிக் குந்துகிறது என்று ஒரு தடவை நின்று கவனியுங்கள். அங்கேயிருந்து தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், முசல்லாவும் காயும், பிள்ளைகளின் கண்ணீரும் காயும். வஸ்ஸலாம்.