பூனை எங்கே போயிற்று?

ஹாஸ்ய நாவல் என்று யாராவது சிபாரிசு செய்துவிட்டால், அதை உடனே நம்பிவிடுவது நமது நெடுநாளைய பலவீனம். அதிலும் கதை சொல்வது ஒரு பூனை, அதன் எஜமானர் ஓர் உபாத்தியாயர் என்று கேள்விப்பட்ட பிறகு நம்மால் சும்மா இருக்க முடியுமா? ஜப்பானிய ஆசிரியர் நாட்ஸுமே ஸோஸெகியின் 'நான் ஒரு பூனை' என்ற நாவலை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் வரவழைத்து, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாருக்குத் தமிழில் சொல்லி வந்தோம்.

ஆரம்பம் அபாரந்தான். இந்தப் பூனைக்குப் பெயர் கிடையாது. கர்வம் மட்டும் உண்டு. தன்னைக் குறிக்க அது வழங்கும் 'வாகஹாய்' என்னும் சொல், பெரிய மனிதர்கள் மிடுக்காகப் பேசும்போது கையாள்வது. பத்திரிகையில் எழுதுகிறவர்கள் 'நாம்' என்று சொல்லிக் கொள்வதைப் போல என்று வைத்துக் கொள்ளலாமே!

எஜமானர் குஷாமி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படிப்பறைக்குள் புகுந்துவிடுகிறார். மகா படிப்பாளி என்று வீட்டார் நினைக்கிறார்கள். பூனை எட்டிப் பார்க்கிறது. அவரோ திறந்த புத்தகத்தின்மேல் எச்சில் ஒழுகத் தூங்குகிறார்! இந்த இடத்தில் நமது சகதர்மிணி சிரித்த சிரிப்பு அவசியத்துக்குச் சற்று அதிகம் என்பது நமது அபிப்பிராயம். ருஷ்யக் கடற்படையை 1905-இல் முறியடித்த அட்மிரல் டோகோவாகத் தன்னைப் பாவித்துக் கொண்டு பூனை எலி வேட்டைக்கு வியூகம் வகுத்தபோது குழந்தைகளும் சிரித்தார்கள். எலி ஒன்றும் அகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறந்தான் வந்தது வினை. எஜமானரின் சிநேகிதர்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அண்டை வீட்டு அம்மாளின் மூக்கைப் பற்றி ஒரு பிரசங்கம். கண்ணாடி உருண்டை தேய்ப்பதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி. உலகத்தையே பரிகசித்த பூனை, மூலையில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதிக் கொள்ளும் குமாஸ்தாவாகிவிடுகிறது. "அப்பா, பூனை எங்கே போயிற்று?" என்று நமது கடைசிப் பெண் கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை.

காரணம் பிறகு விளங்கிற்று. 1905 ஜனவரியில் 'ஹொதொதொகிஸு' என்ற பத்திரிகையில் ஒரே ஒரு கதையாக வெளியானது இது. வாசகர்கள் கொண்டாடவே, 1906 ஆகஸ்டு வரை பதினோரு அத்தியாயங்களாக நீண்டது. கொண்டாட்டம் கதையை வளர்த்தது. பூனையை மெலிய வைத்தது.

முடிவில் பூனை மிச்சமிருந்த பீரைக் குடித்துவிட்டுத் தண்ணீர்த் தாழியில் விழுந்து இறந்து போகிறது. முதல் அத்தியாயத்தில் அது இறந்திருந்தால் வீடே அழுதிருக்கும். இப்போது ஒருவர் கண்ணிலும் நீர் வரவில்லை. நமக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் வாரம் படிப்பறையில் நாம் ஒரு நாளும் தூங்கவில்லை. யாரோ எட்டிப் பார்ப்பதாகவே ஒரு பிரமை. சிநேகிதர்கள் பேசத் தொடங்கிய பிறகு அந்தப் பயம் போயிற்று. பழைய தூக்கமும் திரும்பிற்று.

நேற்று அந்தப் பெண், "முதல் அத்தியாயத்தை மறுபடியும் சொல்லுங்கள், அப்பா" என்றாள். சற்றுத் தயங்கினோம். பிறகு புத்தகத்தை எடுத்து வந்தோம்.