எதிர்க்கரையில் காடு இருக்கட்டும்

அக்டோபர் மாதக் காலையில் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் ஏரியின் மேல் மூடுபனி படிந்து கிடக்கும். கோடையில் காதைத் துளைத்த படகுகள் துறையில் கட்டப்பட்டிருக்கும். கரையோர கோல்ஃப் மைதானத்தில் முதல் பந்து அடிபடும் 'டக்' ஓசை நீருக்கு மேலாகப் பரவி வரும். அடுக்குமாடி விடுதியின் பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருப்பவர், எதிர்க்கரை ஓக் மரங்களின் செம்பழுப்பு இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மக்கள் பணம் கொடுத்து வாங்குவது இந்த அமைதியைத்தான்.

செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி நகரவாசிகள் இங்கே 'காண்டோ' எனப்படும் அடுக்குமாடி வீடு வாங்குகிறார்கள். ஆண்டில் சில வாரங்கள் தங்கிவிட்டு, மற்ற நாட்களுக்கு விடுதி நிர்வாகத்திடமே வாடகைக்கு விட ஒப்படைக்கிறார்கள். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ், அர்னால்ட் பாமர் போன்ற பெரும்புள்ளிகள் வடிவமைத்த மைதானங்கள் இந்த ஏரியைச் சுற்றி உண்டு.

இது இயற்கை ஏரி அல்ல. மின்சாரத்துக்காக யூனியன் எலக்ட்ரிக் நிறுவனம் 1929-ல் தொடங்கி 1931-ல் முடித்த பேக்னல் அணை, ஓசேஜ் ஆற்றை மறித்து உருவாக்கியது. கேம்டன் மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த பழைய லின் கிரீக் ஊர் நீரில் மூழ்கியது. கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கிளை கிளையாக விரியும் ஏரிக்கு ஏறத்தாழ 1,150 மைல் கரை. கலிஃபோர்னியாவின் கடற்கரையைவிட நீளம். அணையைக் கட்டியது தனியார் நிறுவனம் என்பதால், கரையின் பெரும்பகுதி வீட்டுமனைகளாகிவிட்டது. அதே மிசூரியில் ராணுவப் பொறியாளர் படை 1958-ல் கட்டி முடித்த டேபிள் ராக் ஏரியில் கரை அரசின் கையில் இருக்கிறது. தனியார் படகுத்துறைக்குக்கூட அங்கே குறிப்பிட்ட இடங்களில்தான் அனுமதி. அதனால் அந்தக் கரையில் இன்றும் மரங்கள் அதிகம்.

ஓசார்க்ஸ் ஏரியிலோ கட்டுப்பாடு தாமதமாகத்தான் வந்தது. அணைத்திட்ட எல்லைக்குள் வீடுகள் எழும்பியிருப்பதாக 2011-ல் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கண்டித்தது. வீட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டு எல்லைக்கோடே திருத்தி வரையப்பட்டது. வீடுகள் தப்பின, குடும்பங்களைத் தெருவில் நிறுத்தாதது நியாயமே. ஆனால் முதலிலேயே தடுக்காவிட்டால் பிறகு கோட்டைத்தான் நகர்த்த முடியும் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

ஏரி கெடுவதற்கு கோல்ஃபையும் காண்டோவையும் மட்டும் பழிப்பது சரியல்ல. நூறு குடும்பங்கள் ஒரே கட்டடத் தொகுதியில் தங்கினால் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் போதும். படகுத்துறையும் பொதுவாக இருக்கும். அதே நூறு குடும்பங்கள் கரை நெடுகத் தனித்தனி வீடு கட்டினால் நூறு செப்டிக் டேங்க், நூறு படகுத்துறை, நூறு இடங்களில் வெட்டப்பட்ட மரங்கள். சேர்ந்து வாழும் விடுதிதான் ஏரிக்குச் சுமை குறைந்தது. ஆனால் கட்டடம் நீர்விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். மைதானத்துக்கும் நீருக்கும் நடுவே அகலமான புதர்ப்பட்டை வேண்டும். புல்லுக்குப் போடும் உரம் மழையில் கரைந்து ஏரிக்குள் போனால் பாசி படரும். அதைப் பாதி வழியில் உறிஞ்சிக்கொள்வது இந்தச் செடிகொடிகளின் வேர்தான்.

இதே ஏரிக்கரையில் 17,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மாநிலப் பூங்கா ஒன்று இருக்கிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மத்திய அரசு நிலத்தை வாங்கி, வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அங்கே பாதைகளும் கல் கட்டடங்களும் அமைத்தது. 1946-ல் அது மாநிலத்தின் கைக்கு வந்தது. பணம் கட்டி அறை எடுக்காதவரும் அங்கே நீரில் கால் நனைக்கலாம். அடுத்த விடுதிக்கு அனுமதி கேட்டு வருபவர், தம் நிலத்தில் ஒரு துண்டுக் கரையையாவது அதேபோல் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.