பரணியில் பேய்களை நீக்கலாமா?

கலிங்கத்துப் பரணியை இளைஞர்க்குப் பாடமாக வைக்கலாம், ஆனால் பேய்களை நீக்கிவிட்டு வைக்க வேண்டும் என்று கூறுவார் ஒரு சாரார் உளர். கடை திறப்பில் காமம் மிகுதி, களம் பாடியதில் அருவருப்பு மிகுதி. எஞ்சி நிற்கும் இராச பாரம்பரியமும் போர் பாடியதுமே தமிழன் பெருமைக்குப் போதும் என்பது அவர்தம் கட்சி. இன்னொரு சாரார் நம்மவர். காளியும் கூளியும் நடமாடும் நூலில் முஸ்லிமுக்கு என்ன வேலை என்பது இவர்தம் வினா. கம்பரைக் கற்றதனால் உமறுப் புலவரின் ஈமான் குறைந்துவிடவில்லை என்பதே இவர்க்குப் போதிய விடை. முன்னவர்க்கு மட்டும் சற்று விரித்துரைப்போம்: பேய்களை நீக்கினால் அந்நூலிலிருந்து உண்மையும் உடன் நீங்கிவிடும்.

நூலின் கதை என்ன? முதற் குலோத்துங்கன் காஞ்சியில் வீற்றிருக்கிறான். சிற்றரசர் பலர் திறை கொணர்கின்றனர். வடகலிங்கத்து மன்னன் இருமுறை திறை செலுத்தத் தவறினான் என்ற செய்தி வருகிறது. கருணாகரத் தொண்டைமான் தலைமையில் படை புறப்படுகிறது. இது 1110-ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது. அக்கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன் அயலானும் அல்லன். சோழர் குலத்து மகள் இராசசுந்தரி பெற்ற பிள்ளை. அவன் பெயரின் முற்பாதியே சோழன் பெயர். ஆக, உறவினனிடம் திறைப் பாக்கி கேட்டு எழுந்த போர் அது.

ஆனால் செயங்கொண்டார் அரசவையில் நூலைத் தொடங்கவில்லை. பாலை நிலத்துக் காட்டிற்கு நம்மை அழைத்துச் செல்கிறார். அங்கே பேய்கள் பசியால் வற்றி உலர்ந்து கிடக்கின்றன. இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று தான் கற்ற இந்திரசாலத்தைக் காட்டுகிறது; இரத்த வெள்ளமும் பிண மலையும் தோன்றுகின்றன. பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை, வெறும் மாயை. பின்னர் மெய்யான போர் மூள்கிறது. அப்போதுதான் அவை யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, குருதியில் நீராடி, மடிந்த கலிங்க வீரரின் பற்களை அரிசியாகக் குற்றிக் கூழ் அடுகின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் பங்கு உண்டு. அதே களத்தில் ஒரு பெண் தன் கணவன் உடல் எங்கே கிடக்கிறது என்று இடாகினியிடம் கேட்டு அலைகிறாள்.

இதை அருவருப்பு என்போரை நாம் கேட்கிறோம்: போர் அருவருப்பில்லாதது என்று உங்களுக்குச் சொன்னவர் யார்? இந்நூலில் இரு பசிகள் உள்ளன. ஒன்று காஞ்சியில் உள்ள திறைப் பசி. மற்றொன்று காட்டில் உள்ள பேய்ப் பசி. முன்னதற்கு மறம் என்றும் மானம் என்றும் பெயர் சூட்டலாம். பின்னதற்கு அத்தகைய பூச்சு இல்லை. அது பசி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இரண்டும் ஒரே போரால் நிறைகின்றன என்பதைப் புலவர் தம் நூலின் அமைப்பிலேயே வைத்துவிட்டார்.

செயங்கொண்டார் போரை வெறுத்தவர் என்று நாம் சாதிக்க வரவில்லை. அவர் மன்னனைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர். அவருடைய பேய்கள் உண்டு களித்துக் குலோத்துங்கனை வாழ்த்தியே ஓய்கின்றன. தோற்றோடிய கலிங்கர் மயிர் களைந்து சமணர் என்றும், வில்லின் நாணைப் பூணூலாக்கி வேதியர் என்றும் நடித்து உயிர் தப்பியதை அவர் நகைச்சுவையாக்குவதை நாம் இரசிக்கவும் இல்லை. எனினும் புகழ்பாட வந்த புலவரே பிணத்தை மறைக்கவில்லை என்பதுதான் இங்குக் கருதத்தக்கது.

மறைக்கும் வேலை பிற்காலத்தார்க்கு விடப்பட்டது. சாண்டில்யன் எழுதிய 'கடல் புறா' குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாகங்களாக அச்சேறியது. அதன் தலைவனும் இதே கருணாகரன்தான்; பரணி பாடும் போருக்கு முற்பட்ட இளமைக் காலத்தவன். நாமும் அதனை விரைந்து விரைந்து படித்தவர்களே. அதன் விறுவிறுப்பை மறுக்கவில்லை. ஆயினும் நூலை மூடிய பின் நெஞ்சில் நிற்பவை பாய்மரமும் வாள்வீச்சும் காஞ்சனையின் அழகுமே. மடிந்தவனின் மனைவி அங்கே நம் நினைவில் நிற்கவில்லை. பேய்களை நீக்கிய பரணி எப்படியிருக்கும் என்று அறிய விழைவோர் அதனைப் படித்தால் போதும்.

போரின் மிச்சத்தைக் காண அரியலூர் மாவட்டத்திற்கே வரலாம். சோழர் தலைநகராயிருந்த கங்கைகொண்ட சோழபுரம் இன்று ஒரு சிற்றூர். கோயில் நிற்கிறது, 2004-இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. திறை வந்து குவிந்த அரண்மனையோ மாளிகைமேட்டு மண்ணுக்கடியில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. பக்கத்து ஊரின் பெயர் செயங்கொண்டம். செயம் கொண்டவர்தாம் அங்கு எவரும் இல்லை.

அது சோழர் கதைதானே என்று நம்மவர் ஒதுங்கிவிட வேண்டா. பெரம்பலூருக்கு வடக்கே சாலையோரம் இரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. அதனையடுத்த வாலிகண்டபுரத்தில் 1751-இல் சந்தா சாகிபின் படையும் முகம்மதலியின் படையும் மோதின. இருவரும் முஸ்லிம்கள், இருவர்க்கும் வேண்டியது கருநாடக நவாபுப் பதவியும் அதன் வரிப்பணமுமே. ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பின்னால் ஆங்கிலேயர். மறு ஆண்டே சந்தா சாகிப் சரணடைந்து தலை இழந்தார். வென்ற முகம்மதலியின் நாட்டையோ 1801-இல் ஆங்கிலேயரே எடுத்துக்கொண்டனர். அப்போருக்கு ஒரு பரணி எழுந்திருந்தால், கூழுக்கு நின்ற வரிசையில் கும்பினிப் பேய் முதலில் நின்றிருக்கும். கடைசியாகக் கை கழுவியதும் அதுவாகவே இருந்திருக்கும்.

நம் புலவர்கள் பாடிய படைப்போர் நூல்களையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க நாம் அஞ்சவில்லை. வெட்டுண்ட தலைகளின் எண்ணிக்கையில் களிக்கும் இடங்கள் எவை, இழப்பை உணர்த்தும் இடங்கள் எவை என்று பகுத்துப் படிப்பதே நேர்மை. பிறர் நூலுக்கு ஒரு நீதி, நம் நூலுக்கு ஒரு நீதி என்பது கூடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. பரணியைக் கற்பிப்பதாயின் களம் பாடியதையும் சேர்த்துக் கற்பியுங்கள். மாணவன் முகஞ்சுளிப்பான்; சுளிக்கட்டும். போரை எண்ணி முகஞ்சுளிக்கக் கற்றவன், நாளை எவனேனும் வீரம் பேசிப் படைக்கு ஆள் திரட்ட வரும்போது, கூழ் யாருக்கு என்று ஒருமுறையாவது கேட்பான்.