ஏழு மணிக்குப் பிறகு பிள்ளை எங்கே இருக்கும்?

திருநெல்வேலியில் பொழுது சாய்ந்த பிறகுதான் சாப்பாட்டு வியாபாரம் சூடு பிடிக்கும். அல்வாக் கடையான இருட்டுக்கடையே மாலையில்தான் திறக்கிறது. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை வாசல், வண்ணார்பேட்டை, புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றி, டவுன் ரத வீதிகள் என்று எங்கே போனாலும் இட்லி, ஆப்பம், முட்டைத்தோசை, சுக்குக் காபி விற்கும் தள்ளுவண்டிகள். பலவற்றைக் கணவனும் மனைவியுமாகவே நடத்துகிறார்கள். கல்லில் அவர், பார்சலில் இவர். வண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வீட்டுப்பாட நோட்டோடு ஒரு பிள்ளை. சில கடைகளில் சாக்கை விரித்துத் தூங்க வைத்த இன்னொன்று.

அந்தப் பிள்ளையைப் பார்க்கிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். “பச்சப் பிள்ளைய வச்சு வேல வாங்குதாங்களே” என்று ஒருவர் முகம் சுளிப்பார். “கெட்டிக்காரப் பிள்ளை, இப்பமே தொழில் படிக்கி” என்று இன்னொருவர் மெச்சுவார். சட்டம் இந்த இருவர் பக்கமும் முழுதாக இல்லை. அது சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போடும் முன் வாடிக்கையாளருக்கும், போன் வந்துவிடுமோ என்று பயந்து பிள்ளையை வண்டிக்கு அடியில் ஒளித்து வைக்கும் தாய்க்கும் அது பயன்படும்.

முதலில், கடையில் பிள்ளை இருப்பது குற்றமில்லை. படிக்கலாம், விளையாடலாம், சாப்பிடலாம், தூங்கலாம். சட்டம் கேட்பது பிள்ளை வேலை செய்கிறதா என்பதைத்தான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் ஈடுபடுத்தக் கூடாது என்று முழுத் தடை வந்தது. அதற்கு முன்பே, 2006 அக்டோபர் 10 முதல், டீக்கடை, ஓட்டல், சாலையோர உணவகங்களில் சிறுவர்களை வேலைக்கு வைக்கத் தடை இருந்தது. 2016 திருத்தம் கூடவே ஒரு விலக்கும் தந்தது: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை பெற்றோருக்கு உதவலாம்.

இந்த விலக்கு அப்போது நாடு முழுக்கக் கண்டனத்துக்கு ஆளானது. குடும்பத் தொழில் என்ற பெயரில் பீடி சுற்றும் வீட்டிலும் தறி ஓடும் வீட்டிலும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. பீடி சுற்றி வளர்ந்த தலைமுறைகளை முக்கூடலும் மேலப்பாளையமும் அறியும். 2017இல் வந்த விதிகள் அந்தக் கதவைப் பாதிக்கு மேல் சாத்திவிட்டன. பள்ளி நேரத்தில் உதவக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை எந்த வேலையும் கூடாது. ஒரு நாளில் ஓய்வு நேரம் நீங்கலாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வீட்டுப்பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்தியிலோ விநியோகத்திலோ சில்லறை விற்பனையிலோ எந்தக் கட்டத்திலும் பிள்ளை பங்கெடுக்கக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கறாராகப் படித்தால், தட்டைக் கொண்டுபோய் வாடிக்கையாளரிடம் கொடுப்பதும் காசு வாங்கிக் கல்லாவில் போடுவதும் தடைக்குள் வரும். சின்ன வெங்காயம் உரிப்பதைக்கூட உற்பத்தி என்று ஒரு அதிகாரி வாதிடலாம். மிஞ்சுவது சொற்பம்: தம்பியைப் பார்த்துக்கொள்வது, அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, அந்த மாதிரி.

தண்டனை விஷயத்தில் வீண் பீதி வேண்டாம். வெளியாள் ஒருவர் சிறுவனை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோரை அதே கண்ணோடு சட்டம் பார்க்கவில்லை. வணிக நோக்கத்துக்காகப் பிள்ளையை அனுமதித்தால் தவிர அவர்களுக்குத் தண்டனை இல்லை. ஒருமுறை தண்டிக்கப்பட்டு மறுபடியும் அதே குற்றம் செய்தால் 10,000 ரூபாய்வரை அபராதம். வணிக நோக்கம் என்பதை ஒரு தோசைக்கடை வாசலில் எப்படி அளப்பது என்பது வேறு தலைவலி.

அந்த விதிகளில் வரும் நேரங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். காலை இட்லிக்கடை நாலு, நாலரைக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்கு அடுப்பு மூட்ட முடியும்; எட்டரைக்கெல்லாம் சட்டி காலியாகிவிடும். மாலைக்கடை ஐந்தரைக்கு வண்டி தள்ளி, எட்டு மணிக்குக் கூட்டம் கண்டு, பத்தரை பதினொன்றுக்குச் சட்டி கழுவும். ஆக, பிள்ளை உதவவே கூடாது என்று சட்டம் ஒதுக்கி வைத்த நேரமும் இந்த வண்டிகளின் வியாபார நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. விதி சரியானது என்றே நினைக்கிறேன். ஒன்பது மணிக்குக் கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை? ஆனால் பிள்ளை அங்கே என்ன செய்யக் கூடாது என்று சொன்ன அரசு, அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கலாம் என்று சொல்லவில்லை.

பகல் நேரத்துக்கு இந்த மாநிலம் ஓரளவு வழி செய்திருக்கிறது. சின்னஞ்சிறுசுகளுக்கு அங்கன்வாடி, பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் இட்லி அவிக்கும் தாய் தன் பிள்ளைக்கு ஊட்ட நேரமில்லாமல் தவித்தது அந்தத் திட்டத்தால் பெரிய அளவில் தீர்ந்தது; காலைக்கடைக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான உதவி வேறு வந்ததில்லை. மாலைக்கடைக்காரர்களுக்கு நிலைமை நேர் எதிர். அம்மா வீட்டில் மாவரைக்கும் பகலில் அங்கன்வாடி திறந்திருக்கிறது. அம்மா வீதிக்கு வரும் மாலையில் அதற்குப் பூட்டு.

‘வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் காப்பகம் வேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் என்றது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 50 ஊழியர்கள் என்றது. நூறு நாள் வேலைத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கச் சொன்னார்கள். இவை எல்லாம் ஒரு முதலாளியையோ வேலை தருகிற அரசையோ பார்த்துச் சொன்னவை. தள்ளுவண்டிக்கு முதலாளி யார்? அந்த அம்மாதான். காப்பகம் கேட்க வேண்டியவளும் கொடுக்க வேண்டியவளும் ஒருத்தியே என்றால் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மகப்பேறு உதவியில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு தரும் உதவி முதலாளி இருக்கிறாரா என்று கேட்பதில்லை.

இப்போதைக்கு அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் ஆச்சிகள்தாம். மகள் வண்டியில் நிற்க, பேரனை இடுப்பில் வைத்துச் சோறூட்டித் தூங்க வைப்பவர் ஆச்சி. வேடிக்கை என்னவென்றால், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் ‘குடும்பம்’ என்ற விளக்கத்தில் தாய், தந்தை, உடன்பிறந்தார், அத்தை, பெரியப்பா, சித்தப்பா, சித்தி, பெரியம்மா, மாமா எல்லாரும் உண்டு. தாத்தாவும் ஆச்சியும் இல்லை. ஆச்சி ஊரில் இல்லாத குடும்பம், அல்லது அவரே படுக்கையில் விழுந்த குடும்பம், பிள்ளையை வண்டிக்குக் கொண்டுவருவதைத் தவிர என்ன செய்யும்?

சாலையோர வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 2014 மே 1இல் அமலுக்கு வந்தது. அதில் குடும்பங்களுக்கு உதவக்கூடிய சில பிரிவுகளைப் பற்றிப் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. சான்றிதழ் ஒருவர் பெயரில்தான் வரும். ஆனால் அவர் தானாகவோ தம் குடும்பத்தார் மூலமாகவோ வியாபாரம் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. ‘அட்டையில் உள்ள ஆள் எங்கே’ என்று யாராவது அதட்டினால் மனைவி தயங்க வேண்டியதில்லை. கணவன் காய்ச்சலில் கிடந்தாலும், இறந்தே போனாலும், சான்றிதழின் காலம் முடியும்வரை அந்த இடத்தில் மனைவியோ கணவரோ, அவர்களைச் சார்ந்த பிள்ளையோ கடை போடலாம். அப்புறப்படுத்துவதற்கு முன் 30 நாள் அறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்தால் கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். சான்றிதழ் கேட்கக் குறைந்தபட்ச வயது 14. வேலை செய்யக் கூடாது என்ற முழுத் தடை முடிகிற அதே வயது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் பெயரிலேயே வண்டி போடலாம் என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது.

ஒரு ஊரில் எத்தனை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்பதற்கும் அளவு உண்டு: மக்கள் தொகையில் 2.5 சதவீதம்வரை. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள் தொகை சுமார் 4.73 லட்சம், அந்தக் கணக்கில் ஏறத்தாழ 11,800 பேர். எங்கே, எத்தனை மணிவரை, என்ன வசதியோடு என்பதைத் திட்டமிடும் இடம் நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பிள்ளைகள் பற்றிய பேச்சை எடுக்க வேண்டிய மேடை அதுதான். விற்பனை மண்டலம் என்று ஒன்றைக் குறிக்கும்போது தண்ணீர், கழிப்பறை, விளக்கு வேண்டும் என்று கேட்பதோடு, நடந்து போகும் தூரத்தில் பிள்ளைகள் இருக்க ஓர் அறையும் வேண்டும் என்று தீர்மானம் போட எந்தச் சட்டமும் தடையில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் அங்கன்வாடிக் கட்டடமும் பள்ளிக்கூட வகுப்பறையும் எல்லா வார்டிலும் இருக்கின்றன.

அதுவரை பிள்ளை வண்டியருகேதான் இருக்கும் என்றால், இருக்கும் விதத்திலாவது கவனம் வேண்டும். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் சாலைப் பக்கமும் பிள்ளையின் ஸ்டூல் சுவர்ப் பக்கமும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே பெரியவர் ஒருவர் நிற்கிற இடம் வர வேண்டும். சிலிண்டர் டியூப் பிள்ளை நடக்கும் வழியில் தொங்கக் கூடாது. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் சட்டப்படி சரி, வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைத்தால் பறிமுதல் செய்வார்கள் என்பது ஒருபக்கம் இருக்க, அதை ஒளிக்கத் துணி சுற்றி மூலையில் திணிப்பதுதான் பெரிய ஆபத்து. இப்போது டாட்டா ஏஸையும் ஆப்பே ஆட்டோவையும் சமையல் வண்டியாக மாற்றுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். வண்டிக்குள்ளே அடுப்பு எரியும்போது அதே பெட்டிக்குள் பிள்ளையைத் தூங்க வைப்பது தள்ளுவண்டியைவிட மோசம். வெளியேற ஒரு வழிதான் இருக்கும்.

சீசன் கடைக்காரர்கள் பாடு தனி. சிற்றாற்றங்கரைக் குற்றாலத்தில் சாரல் விழுவதும், நெல்லையப்பருக்கு ஆனித் தேர் ஓடுவதும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் கூட்டம் கூடுவதும் பள்ளி திறந்த மாதங்களில். வீட்டோடு கிளம்பிப் போகிற குடும்பத்தில் பிள்ளைக்கு வகுப்பு போகும். விற்பனைக் குழுவின் எல்லைக்குள் இது அடங்காது. பள்ளிக் கல்வித் துறை தனியாக யோசிக்க வேண்டியது.

மாலை நேரக் காப்பகம் நடைமுறைக்கு ஒத்து வராது என்பார்கள். ஆனால் அகமதாபாத்தில் 1972இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பின் பெண்கள் காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். பிள்ளைக் காப்பகங்களைக் கூட்டுறவு மூலம் தாங்களே நடத்திக் காட்டினார்கள், தாய்மார்களின் வேலை நேரத்தை ஒட்டி. ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்குப் பணம் தருகிறது. காப்பகம் ஒரு நாளில் ஏழரை மணி நேரம் இயங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்து ஒன்பதரைக்கு மூடினாலும் அது ஏழரை மணி நேரம்தான். இரவில் வீடு திரும்பும் பணியாளருக்குப் பாதுகாப்பும் கூடுதல் படியும் தர வேண்டியிருக்கும். ஒன்பதரைக்கு மேல் கடை நடத்துகிறவர்களில் ஒருவர் முன்னதாகக் கிளம்பிப் பிள்ளையை அழைத்துப் போக வேண்டியிருக்கும். மாநகராட்சியும் சமூக நலத் துறையும் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயங்கள் இவை. டவுனில் ஒன்று, ஹைகிரவுண்ட் பக்கம் ஒன்று என்று இரண்டு கட்டடங்களில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.