அட்டையா? அலங்காரமா?

பொருளைப் பேணிக் காப்பது நம் வீடுகளில் சிறு வயதிலேயே ஊட்டப்படும் பழக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாம் செய்யும் முதல் வேலை என்ன? புத்தகங்களுக்குப் பிரவுன் பேப்பரில் அட்டை போடுவதுதானே! வீட்டில் தொலைக்காட்சியின் ரிமோட்டைப் பாலிதீன் உறைக்குள் போட்டு ரப்பர் பேண்டால் கட்டி வைக்கிறார் அம்மா. தெருமுனைக் கெபியில் மாதா சுரூபத்தின் மேல் தூசி படாதபடி கண்ணாடிக் கதவு காக்கிறது. இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று கைபேசியின் முகத்தில் ஒட்டும் கண்ணாடி. மற்றொன்று அதன் முதுகில் ஒட்டும் வண்ணத் தாள். முன்னதை 'டெம்பர்' என்றும் பின்னதை 'ஸ்கின்' என்றும் கடைகளில் சொல்கிறார்கள்.

ரங்கநாதன் தெருவிலிருந்து பாண்டி பஜார் வரை நடந்து பாருங்கள். லஸ் முனையில் நின்று பாருங்கள். அடையாறு பேருந்து நிலையத்தின் எதிரே பாருங்கள். பத்தடி அகலம்கூட இல்லாத கடைகளில் சுவர் முழுவதும் இவையே தொங்குகின்றன. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ கேட்கவே வேண்டாம். கடையில் நிற்கும் அண்ணன் ஈரத்தாளால் திரையைத் துடைக்கிறார். ஒட்டும் தாளால் ஒற்றி எடுத்துக் கடைசித் தூசியையும் போக்குகிறார். கண்ணாடியின் ஓர் ஓரத்தைப் பொருத்தி விரலை எடுக்கிறார். தரையில் தண்ணீர் பரவுவது போல் அது தானே பரவி ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நிமிட வேலைதான். ஆயினும் அது கைத்திறன் என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய பிழைப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கைபேசிக்குக் காப்பு வேண்டும், ஆனால் ஒன்று போதும் என்பதே நம் கருத்து. அதற்கு மேல் ஒட்டும் ஒவ்வொன்றையும் எதற்காக ஒட்டுகிறோம், யாருக்காக ஒட்டுகிறோம் என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தக் கண்ணாடியின் அருமையைச் சொல்வோம். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை உலகுக்குக் காட்டியபோது அதன் திரை பிளாஸ்டிக்கால் ஆனது. சட்டைப் பையில் சாவியோடு கிடந்தால் கீறல் விழும் என்று கண்டு, ஜூன் மாதம் விற்பனைக்கு வருவதற்குள் கண்ணாடியாக மாற்றினார்கள். அக்கண்ணாடியைச் செய்து தந்த அமெரிக்க நிறுவனம் கார்னிங். 1960-களில் உருவாக்கி, வாங்குவோர் போதாமல் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஆராய்ச்சி அப்போது அதற்குக் கைகொடுத்தது.

இதன் வேதியியல் பத்தாம் வகுப்பு மாணவிக்கும் புரியக்கூடியதே. உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை ஊற வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடங்களில் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுந்து அமர்கின்றன. பேருந்தில் மெலிந்தவர் எழுந்த இருக்கையில் பருமனானவர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? வரிசை முழுவதும் நெருக்கம்! அந்த நெருக்கமே கண்ணாடியின் மேற்பரப்பை இறுக்கி வலிமையாக்குகிறது. நாம் மேலே ஒட்டும் டெம்பரும் வலுவூட்டப்பட்ட கண்ணாடிதான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கைபேசி விழும்போது அடியைத் தான் வாங்கி, தான் உடைந்து, கீழே உள்ள விலையுயர்ந்த திரையைக் காப்பதே அதன் கடமை. தன்னைக் கொடுத்துப் பிறரைக் காக்கும் இப்பண்பு நம் பள்ளியில் நாள்தோறும் கேட்கும் பாடம் அல்லவா?

இது சிறிய பொருள்தானே என்று எண்ணிவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாளில்தான். சிறு பிள்ளைகளாக இருந்த நமக்கு அந்த ஒன்றரை ஆண்டும் கைபேசியே கரும்பலகை. எத்தனையோ வீடுகளில் அப்பாவின் கைபேசி ஒன்றுதான். அக்காவுக்கும் தம்பிக்கும் நமக்கும் அதுவே வகுப்பறை. அதன் திரை உடைந்தால் வகுப்பே இல்லை! புதிய திரைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். டெம்பரோ நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். எனவே, 'அதெல்லாம் வீண் செலவு' என்று அடியோடு தள்ளும் பெரியவர்களின் கருத்தை நாம் ஏற்கவில்லை.

இந்தக் கண்ணாடி நெடுங்காலமாக நமக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2025 ஆகஸ்டில் நொய்டாவில் இதைச் செய்யும் தொழிற்சாலையை மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் திறந்து வைத்தார். கைபேசிகளின் முகப்புக் கண்ணாடிக்காக நம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்திலும் 1,003 கோடி ரூபாய் முதலீட்டில் ஒரு தொழிற்சாலை 2024-இல் அறிவிக்கப்பட்டது. நம் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வேலை தரும் தொழிலாக இது வளர்வது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால், காப்பு என்ற பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடலாமா? உறைமேல் '9எச்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வைரத்திற்கு அடுத்த கடினம் போலும் என்று நாம் மயங்குகிறோம். உண்மையில் அது பென்சில் கணக்கு! 9எச் என்னும் கடினமான பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்பதே அதன் பொருள். தாதுக்களின் கடினத்தை அளக்க ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோல் வேறு. அதில் வைரம் 10. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கண்ணாடி அதற்கும் கீழே. ஆகவே பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு மணல் படிந்த பையில் கைபேசியைப் போட்டால், எந்த எச்சும் காப்பாற்றாது. சாவியைவிட மணலுக்கே நாம் அஞ்ச வேண்டும்.

'நீல ஒளியைத் தடுத்துக் கண்ணைக் காக்கும்' என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள். திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி கூறுகிறது. கண் சோர்வதற்குப் பெரிய காரணம், திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைக்க மறப்பதே. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்த்தால் போதும் என்பது மருத்துவர்கள் தரும் எளிய வழி. அதற்குச் செலவு ஏது? 'கதிர்வீச்சைத் தடுக்கும் வில்லை' என்று வேறொன்றும் உண்டு. இத்தகைய பொருள்களைப் பொய் விளம்பரத்தோடு விற்றவர்கள் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2002-இலேயே நடவடிக்கை எடுத்தது. அலையைத் தடுத்தால் கைபேசி கோபுரத்தை எட்டுவதற்காக இன்னும் வலுவாக அலை அனுப்பக்கூடும் என்பதையும் அது எடுத்துக் காட்டியது. அங்கே வழக்குக்கு உள்ளான பொருளை இங்கே நாம் காசு கொடுத்து வாங்கலாமா?

காப்பே கேடாவதும் உண்டு. 2019 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு பெண்மணி மலிவான ஜெல் உறை ஒன்றைத் தம் சாம்சங் கைபேசியின் திரைமேல் போட்டார். அதன் பிறகு பதிவு செய்யாத விரலுக்கும் பூட்டு திறந்தது. கணவரின் விரலுக்கும் திறந்தது! சில சிலிக்கான் உறைகளின் உட்புறத்தில் இருந்த வரிகளைக் கருவி கைரேகை என்று எடுத்துக்கொண்டுவிட்டது என நிறுவனம் ஒப்புக்கொண்டு, மென்பொருளைத் திருத்தித் தந்தது. காவலுக்கு வைத்தவரே கதவைத் திறந்துவிட்ட கதை இது. மலிவு என்பதற்காக எதையும் ஒட்டிவிடக் கூடாது.

இனி ஸ்கினுக்கு வருவோம். பளிங்கு போல ஒன்று, மரம் போல ஒன்று, நடிகர் படம் ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கிறிஸ்துமசுக்கு ஒன்று! மெல்லிய பிளாஸ்டிக் தாள் சிறு கீறலைத் தடுக்கலாம். கைபேசி கீழே விழுந்தால் அதனால் பயனில்லை. அழகுணர்ச்சி தவறா என்று தோழியர் கேட்கலாம். தவறே இல்லை. கோலம் போடும் நாட்டில் பிறந்தவர்களுக்கு அழகு ஆகாது என்று எவர் சொல்ல முடியும்? ஆனால் மாதம் ஒன்றை உரித்து எறிவதற்குப் பெயர் அழகுணர்ச்சியா?

நம் பிரவுன் பேப்பர் அட்டையை நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே நிறம். எல்லாருக்கும் ஒரே வெள்ளை லேபில். உஸ்மான் சாலையில் கடை வைத்திருப்பவர் மகளின் கணக்குப் புத்தகமும் நொச்சிக்குப்பத்து மீனவர் மகளின் கணக்குப் புத்தகமும் மேசைமேல் ஒன்றாகக் கிடந்தால், பெயரைப் படித்துத்தான் எது யாருடையது என்று அறிய முடியும். அந்த அட்டை புத்தகத்தை மட்டுமா காக்கிறது? நம்மிடையே உள்ள ஏற்றத்தாழ்வை மூடி, தோழமையையும் காக்கிறது. ஸ்கினோ இதற்கு நேர்மாறு. மூடுவது போல் மூடி, 'என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை' என்று காட்டுகிறது. பள்ளிக்குள் கைபேசி வராவிட்டாலும், டியூஷன் வகுப்பிலும் பிறந்தநாள் விருந்திலும் அது மேசைமேல் வந்துவிடுகிறது. பழைய கைபேசியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்ளும் தோழியின் மனத்தில் விழும் கீறலுக்கு எந்தக் கடையில் டெம்பர் ஒட்டுவார்கள்?

உரித்து எறிந்த தாள் எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். பசையோடு கூடிய பிளாஸ்டிக் எளிதில் மறுசுழற்சிக்கு உதவாது; உடைந்த டெம்பரிலும் பசையும் படலமும் சேர்ந்தே இருக்கின்றன. தென்சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகச் சென்று குவிந்த இடம் பெருங்குடி. அதை ஒட்டியிருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் உலகப் புகழ் வாய்ந்த ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவைகளின் இல்லம் அது! நம் கைபேசியின் பண்டிகை உடைக்கு அந்தப் பறவைகள் விலை கொடுக்க வேண்டுமா?

கடைசியாக, பெற்றோரும் நாமும் வாய்விட்டுப் பேச வேண்டிய ஒன்று உண்டு. 'பிரைவசி கண்ணாடி' என்று ஒரு வகை இருக்கிறது. பழைய மயிலாப்பூர் வீட்டு ஜன்னல்களின் சாய்வுச் சட்டங்களைப் போல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சட்டங்கள் அதனுள் வரிசையாக உள்ளன. நேரே பார்ப்பவருக்குத் திரை தெரியும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இருட்டே தெரியும். கூட்டம் நெரியும் 29சி பேருந்தில் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் அந்நியரிடமிருந்து இது பெண்களைக் காக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்க்கும் அம்மாவுக்கும் இது நல்லதே. ஆனால், வீட்டில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மாவிடமிருந்து மறைப்பதற்காக நாம் இதை ஒட்டினால்?

எவரேனும் நம் படத்தைத் திரித்து மிரட்டலாம். அறியாத ஒருவர் நயமாகப் பேசி வலை விரிக்கலாம். அந்நேரத்தில் நம் முகம் வாடியதைக் கண்டு திரையை எட்டிப் பார்க்கக்கூடிய முதல் ஆள் அம்மாதான். அந்தப் பார்வையை நாமே இருட்டாக்கிவிட்டால் உதவி எந்த வழியாக வரும்? குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும், இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணும் உண்டு. அவற்றை நாம் மனப்பாடம் செய்ய வேண்டும். எனினும் அவற்றுக்கெல்லாம் முன்னால் உள்ள எண் அம்மாவின் தோள்.

பெற்றோர்களே, உங்களிடமும் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கைபேசியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்; கேட்டுப் பாருங்கள். தோழியோடு சிரித்துப் பேசியதற்கெல்லாம் விசாரணை வைத்தால், மகள் இருட்டுக் கண்ணாடியைத் தேடித்தான் போவாள். திட்டு விழாது என்ற நம்பிக்கை உள்ள வீட்டில் அக்கண்ணாடிக்கு வேலையே இல்லை.

வெளிப்புறம் மட்டும் துலக்கப்பட்ட கிண்ணத்தைக் குறித்து இயேசு பரிசேயரிடம் பேசியதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். நம் கையிலுள்ள கிண்ணம் இன்று கைபேசி. அதன் முகத்துக்கு ஒரு நல்ல கண்ணாடி, முதுகுக்கு ஒரு வலுவான உறை. அவை உடையும்வரை மாற்றாமல் இருப்போம். அழகு வேண்டுமெனில் உறைக்குள் நாமே வரைந்த சித்திரத்தையோ வேளாங்கண்ணி மாதாவின் சிறு படத்தையோ வைப்போம். வண்ணத் தாளுக்குப் போகும் பணத்தில் அட்டையில்லாப் புத்தகத்தோடு வரும் தங்கை ஒருத்திக்குப் பிரவுன் பேப்பர் வாங்கித் தருவோம். காக்க வேண்டியதைக் காப்போம்; காட்ட வேண்டியவரிடம் காட்டுவோம்.