ஞானப்பல் எடுக்கணுமா? முதலில் பக்கத்துப் பல்லைப் பாருங்கள்

"கடைவாய்ல வலி, ரெண்டு மாத்திரை குடுங்க." சேலம் ஐந்து ரோட்டிலோ நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலோ எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கேட்கிற குரல்தான் இது. கேட்பவருக்கு வயது இருபதுகளில் என்றால், காரணம் பல நேரம் ஞானப்பல். மாத்திரையில் வீக்கம் வடியும். பல் அங்கேயேதான் இருக்கும். கொஞ்ச மாதத்தில் மறுபடி அதே கடை, அதே மாத்திரை.

ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் சாய்ந்தோ, படுத்தோ எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும். முழுசாகப் புதைந்திருந்தால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில்தான் தெரியும். படத்தைப் பார்த்ததும் சிலர் "உடனே எடுத்துடுங்க டாக்டர்" என்பார்கள். சிலர் "வலியே இல்லையே, எதுக்கு?" என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டுமே அவசரம் என்பேன்.

படத்தில் கவனிக்க வேண்டியது, ஞானப்பல்லுக்கு முன்னால் நிற்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லை. சாய்ந்து வரும் ஞானப்பல் அதில் முட்டி நிற்கும். அந்த இடுக்கில் சிக்கும் சோற்றுப் பருக்கையை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது. பல்லின் பின்பக்கத்தில் சத்தமில்லாமல் சொத்தை விழும். வலிக்கும்போது ரூட் கேனால் வரை போயிருக்கும். சிலருக்கு இரண்டு பல்லுமே போகும். ஞானப்பல் இல்லாமல் தாராளமாகச் சாப்பிடலாம். மற்றதை இழந்தால் அதன் அருமை தினமும் தெரியும்.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் பிடுங்கிவிட முடியாது. நோய் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே சொன்னது. பக்கத்துப் பல் சொத்தையாகிறதே என்று அந்த நாட்டு நிபுணர்களே பின்னர் அதைக் கேள்வி கேட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் ஆபத்து உண்மை. கீழ்உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடைக்குள்தான் ஓடுகிறது. பல்லின் வேர் அதை ஒட்டியிருந்தால், அறுவைக்குப் பின் உதடு மரத்துப்போகலாம். அரிதாகச் சிலருக்கு அது சரியாவதே இல்லை. ஓபிஜியில் வேரும் நரம்புப் பாதையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் உதவும். எல்லோருக்கும் அது வேண்டாம். கதிர்வீச்சும் கூட, செலவும் கூட.

சேலத்தில் விநாயகா மிஷன்ஸ், திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். என்று பக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போனாலும் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்: "பக்கத்துப் பல்லில் சொத்தை இருக்கா? அங்கே எலும்பு கரைஞ்சிருக்கா? வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கம்?" இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றால், மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். படத்தை போனில் வைத்திருங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம், தாடைக்குக் கீழே வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் மாத்திரைக்கு வேலையில்லை. சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைக்கும். ராத்திரியானாலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.