வட்டத்தில் சறுக்கிய சிறுமி

கனடாவிலும் லண்டன் என்றோர் ஊர் உண்டு. 1980ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஊரில் இளையோருக்கான உலக ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களுள் ஜப்பானிலிருந்து வந்த ஒரு சிறுமியின் பெயர் மிடோரி இட்டோ. வயது பதினொன்று. மிடோரி என்றால் அவர்கள் மொழியில் பச்சை நிறம்.

போட்டியின் முதற்பகுதி முடிந்தபோது அவளுக்குக் கிடைத்தது இருபதாவது இடம். கடைசிப் பகுதியில் கிடைத்ததோ முதலிடம்! எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து எட்டாவது என்று எழுதினார்கள்.

ஒரே பிள்ளை, ஒரே வாரம். ஒரு பாடத்தில் இருபதாவதாகவும் இன்னொரு பாடத்தில் முதலாவதாகவும் எப்படி வர முடியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்குத்தான் இந்த முறை இந்தப் பக்கம்.

தொலைக்காட்சியில் இந்த விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். இசைக்கேற்ப ஆடி, ஓடி, எழும்பி, சுழன்று வருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் போட்டியின் முதல் வேலை ஆட்டமே இல்லை. கோடு போடுவது! இசை கிடையாது. துப்புரவான ஐஸ் தரையில், ஒற்றைக் காலால், எட்டு என்ற எண்ணைப் போல வட்டங்களைக் கீற வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும், அதன் மேலேயே இன்னொரு முறையும் போக வேண்டும். பிறகு கால் மாற்றி அதே வேலை. ஆடுகிறவர் நகர்ந்ததும் நடுவர்கள் தரைக்கு வந்து குனிந்து பார்ப்பார்கள். வட்டம் கோணலா, மூன்று கோடும் ஒன்றாக விழுந்ததா, காலணித் தகட்டின் சரியான விளிம்பால் கீறப்பட்டதா என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வெட்டுக் கோட்டின் சரிவு சரியா, பட்டை எவ்வளவு தடிப்பில் போயிருக்கிறது, மரத்தில் காயம் பட்டதா என்று குனிந்து பார்த்த கண்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை வாளி பால் சுமந்தாலும் அந்தக் கோட்டுக்கு ஒரு கணக்கு தனியே உண்டு அல்லவா? மிடோரி போட்டிக்கு வந்த நாள்களில் இந்தக் கோட்டு வேலைக்கு நூற்றுக்கு 30 பங்கு. குறுகிய ஆட்டத்துக்கு 20. பெரிய ஆட்டத்துக்கு 50. மக்கள் பார்க்க விரும்பியது பெரிய ஆட்டத்தை. ஆனால் அது வருவதற்குள், ஆளில்லாத அரங்கில் போட்ட வட்டங்களிலேயே பலருடைய தலையெழுத்து பாதி முடிந்துவிடும்.

மிடோரி 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நகோயா நகரில் பிறந்தாள். வசதியான குடும்பம் அன்று. தாய் தந்தையரும் பிரிந்துவிட்டார்கள். இந்த விளையாட்டோ பணத்தைத் தின்னும் விளையாட்டு. காலணி, தகடு, ஐஸ் தரைக்கு வாடகை, பயிற்சிக்குச் சம்பளம், வெளியூர்ப் பயணம் என்று செலவுக்கு முடிவே கிடையாது. வளரும் பிள்ளைக்குக் காலணி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். நகோயா ஐஸ் அரங்கில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தவர் மச்சிகோ யாமடா என்ற அம்மையார். இந்தக் குழந்தையின் கால்களில் இருக்கும் வேகத்தை அவர் முதலிலேயே கண்டுகொண்டார். கண்டுகொண்டதோடு நின்றிருந்தால் இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது. மிடோரியைத் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்த் தம் குடும்பத்துப் பிள்ளைகளுள் ஒருத்தியாக வைத்து வளர்த்தார். பயிற்சி கொடுத்த கையே சோறும் போட்டது. மிடோரியின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பதக்கங்களை எண்ணிச் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்த ஒரு காரியந்தான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது.

எட்டு வயதிலேயே அவள் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி இறங்கினாள். பெரிய பெண்களே அஞ்சிய வித்தை அது. வளர்ந்த பிறகும் அவள் உயரம் நாலடி ஒன்பது அங்குலந்தான். ஆனால் தரையை விட்டு எழும்பும் உயரத்தைப் பார்த்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

1982ஆம் ஆண்டு இளையோர் போட்டியில் ஆறாவது இடம். 1983ஆம் ஆண்டின் இறுதியில், சொந்த நாட்டில், சப்போரோ நகரில் நடந்த இளையோர் போட்டியில் மூன்றாவது இடம். சில மாதங்களில், 1984இல், கனடாவின் ஒட்டாவா நகரில் பெரியவர்களுக்கான உலகப் போட்டி. பதினான்கு வயதில் ஏழாவதாக வந்தாள். அடுத்த ஆண்டு ஜப்பானின் தேசிய வெற்றியாளர் பட்டம் அவள் கைக்கு வந்தது. 1992 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அதை வேறு யாரும் வாங்கவில்லை.

படி ஏறுகிறாள் என்று நினைக்கும் வேளையில்தான் கால் எலும்பு முறிந்தது. 1985ஆம் ஆண்டு உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. மறு ஆண்டு ஜெனிவாவில் பதினோராவது இடம். அதற்கடுத்த ஆண்டு எட்டாவது. எழும்புவதில் இணையில்லாத பெண், பட்டியலில் மட்டும் நடுவிலேயே நின்றாள்.

வட்டம் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுவர்கள் இரண்டு புள்ளிகள் போடுவார்கள். ஒன்று வித்தைக்கு, மற்றொன்று அழகுக்கு. வித்தையில் உச்சத்தை எட்டிய மிடோரிக்கு அழகில் குறைத்தே போட்டார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த, நீண்ட கால்களையுடைய ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. குட்டையான, உறுதியான கால்களைக் கொண்ட ஓர் ஆசியப் பெண்ணின் அழகு அந்தக் கண்களுக்கு எளிதில் பிடிபடவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவள் ஆட்டத்தில் நளினம் குறைவு என்று சொன்னவர்களிலும் நேர்மையானவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் துள்ளிக் குதிக்கும் மகிழ்ச்சி ஓர் அழகு இல்லையா?

1988ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கனடாவின் கல்கரி நகரில் குளிர்கால ஒலிம்பிக். மிடோரிக்குப் பதினெட்டு வயது. வட்டத்தில் பத்தாவது இடம். பதக்கம் என்ற பேச்சு அங்கேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. எல்லாக் கண்களும் கிழக்கு ஜெர்மனியின் கத்தரினா விட், அமெரிக்காவின் டெபி தாமஸ் இருவர் மேலும் இருந்தன. மிடோரி பெரிய ஆட்டத்துக்கு வந்தாள். மூன்று சுற்றுத் தாவல்கள் ஏழு! ஒன்றிலும் விழவில்லை. ஆட்டம் முடியும் முன்பே அவள் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. பெரிய ஆட்டத்தில் மூன்றாவது, மொத்தத்தில் ஐந்தாவது. பதக்கம் கத்தரினாவுக்குப் போனது. ஆனால் அன்றிரவு கல்கரியில் இருந்தவர்கள் இந்தச் சின்னப் பெண்ணின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

அதோடு அவள் நிற்கவில்லை. ‘ஆக்செல்’ என்ற ஒரு தாவல் இருக்கிறது. 1882ஆம் ஆண்டில் அதைச் செய்துகாட்டிய நார்வே நாட்டு ஆக்செல் பால்சன் பெயரால் வழங்குவது. மற்றத் தாவல்களுக்குப் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எழும்புவார்கள். இதற்கு மட்டும் முன்னே பார்த்து எழும்ப வேண்டும். இறங்குவது என்னவோ பின்பக்கமாகத்தான். ஆகவே மூன்று சுற்று ஆக்செல் என்றால் உண்மையில் மூன்றரைச் சுற்று. ஆண்களிலேயே 1978ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக ஒருவர் இதைப் போட்டியில் செய்திருந்தார். பெண்களால் ஆகாது என்று பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1988ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தன் சொந்த மாநிலமான ஐச்சியில் நடந்த ஒரு போட்டியில் மிடோரி அதைச் செய்தாள். உலகத்துப் பெண்களிலேயே முதல் ஆள்!

அடுத்த மார்ச்சு மாதம் பாரிஸ் நகரில் உலகப் போட்டி. இதற்குள் விதிகளிலும் ஒரு மாற்றம். வட்டத்துக்கான பங்கை 30இலிருந்து 20ஆகக் குறைத்துவிட்டார்கள். அவள் வட்டத்தில் ஆறாவதாக வந்தாள். அவளைப் பொறுத்தவரை இதுவே பெரிய முன்னேற்றம். குறுகிய ஆட்டத்தில் முதலிடம். பெரிய ஆட்டத்தில் அந்த மூன்றரைச் சுற்றை உலகமே பார்க்கச் செய்து இறங்கினாள். அந்த நாளில் ஒருவர் பெறக்கூடிய உச்சப் புள்ளி 6.0. ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் வித்தைக்கு அதைக் கொடுத்தார்கள். அதற்கு முன் இந்த விளையாட்டில் தனி ஆட்டப் பிரிவில் ஜப்பானியர் வாங்கிய உலகப் பதக்கங்கள் வெண்கலத்தோடு நின்றிருந்தன. ஆசியாவுக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தவள், ஆசிரியை வீட்டில் வளர்ந்த இந்த நகோயாப் பெண். வயது பத்தொன்பது.

1990ஆம் ஆண்டு கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் அவள் வட்டத்தில் மறுபடியும் பத்தாவது. ஆட்டம் இரண்டிலும் முதலாவது. கூட்டிப் பார்த்து வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். உலகப் போட்டியில் வட்டம் போடச் சொன்னது அதுவே கடைசி முறை. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள்.